நோக்கியா ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா?

கேள்வி | 8 ஜூன் 2024, மாலை 6.12

நோக்கியா 2010-லேயே ஆண்ட்ராய்டுக்கு மாறியிருந்தா இன்னிக்கு சாம்சங் இடத்துல அவங்கதான் இருந்திருப்பாங்க. ஈலோப்புனு ஒருத்தரை மைக்ரோசாஃப்ட் உள்ளே அனுப்பி கம்பெனியையே கவுத்துட்டாங்க. சிம்பியன்ல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நான் சொல்றது சரிதானே?

8 ஜூன், இரவு 10.40

சரியில்லை. 2003 முதல் 2011 வரை எனக்குச் சோறு போட்டது சிம்பியன், அன்றைக்கு நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களில் ஓடிய இயங்குதளம். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி, நான்கு பேர் கொண்ட அணி, நோக்கியா போன்களில் ஓடும் அகராதி மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு.

ஆண்ட்ராய்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று முதலில் பாருங்கள். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போனைச் செய்தது எச்டிசி. 2017-ல் அதன் பொறியாளர்களில் ஒரு பகுதி 110 கோடி டாலருக்கு கூகுளிடம் போனது. மோட்டோரோலாவின் போன் பிரிவை கூகுள் 1,250 கோடி டாலர் கொடுத்து வாங்கி, காப்புரிமைகளில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சத்தை 2014-ல் 291 கோடிக்கு லெனோவாவிடம் தள்ளிவிட்டது. எல்ஜி 2021-ல் போன் கடையையே சாத்திவிட்டது. இவர்கள் எல்லாருமே ஆண்ட்ராய்டுதான். சாம்சங் நின்றதற்குக் காரணம் திரை, நினைவகச் சில்லு எல்லாம் அதன் சொந்த ஆலையில் வருவது. நோக்கியாவுக்கு அந்த வசதி கிடையாது.

ஈலோப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

9 ஜூன், காலை 7.05

ஸ்டீபன் ஈலோப் மைக்ரோசாஃப்டிலிருந்து நோக்கியாவின் தலைமை அதிகாரியாக வந்தது 2010 செப்டம்பர். அடுத்த பிப்ரவரியில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. அதில் ஒரு கதை: வட கடலில் எண்ணெய்த் தளம் ஒன்றில் வேலை செய்பவன் நள்ளிரவில் கண்விழிக்கிறான், தளம் எரிகிறது, நின்றால் சாவு, உறைய வைக்கும் கடலில் குதித்தாலும் பிழைப்போமா தெரியாது, குதிக்கிறான். எண்ணெய்த் தளம், இயங்குதளம் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழிலும் பொருந்தி வருகிறது. பிப்ரவரி 11-ம் தேதி லண்டனில் அறிவித்தார்கள், இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளம்தான் என்று. அன்றைக்கே பங்கு சுமார் 14 சதவீதம் சரிந்தது.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். ஆனால் நோக்கியா அன்றுதான் செத்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று தேதி மட்டும்தான் குறித்தார்கள். நோய் அதற்கு வெகு முன்னாலேயே பிடித்தாயிற்று.

9 ஜூன், பிற்பகல் 1.30

"அப்போ நோய் எங்கே ஆரம்பிச்சது, அதைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகவே சொல்கிறேன்.

சிம்பியனின் மூலம் சையான் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கையடக்கக் கணினி. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓட வேண்டிய பொருள். அதற்காக எழுதிய இயங்குதளத்தைத்தான் 1998-ல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா எல்லாம் சேர்ந்து போனுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் ஒவ்வொரு வரியிலும் சிக்கனம் இருந்தது. நினைவகம் கேட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தோடேயே எழுதணும். பொருளை இரண்டு கட்டமாகத்தான் உருவாக்கணும். அந்தப் பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டியை 'கிளீனப் ஸ்டாக்' என்ற அடுக்கில் போட்டு வைக்கணும். வழியில் எங்காவது பிழை வந்து வேலை முறிந்தால் அடுக்கில் கிடப்பதை அமைப்பே விடுவித்துவிடும். முறியக்கூடிய ஃபங்ஷன் என்றால் அதன் பெயர் 'எல்' என்ற எழுத்தில் முடியணும். ஒரு சாதாரணச் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, வைத்துக்கொள்ளவே அரை டஜன் வகைகள். எதை எங்கே பயன்படுத்துவது என்று புரியவே புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு மாதம் போகும்.

2003 கடைசியில் ஒரு ராத்திரி. எங்கள் அகராதியை, கணினியில் போனைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டிவிட்டு மூடினால், 'அல்லாக்' என்று ஒரு பெட்டியும் எட்டு இலக்க முகவரி ஒன்றும் வந்து நிற்கும். எங்கோ நினைவகம் ஒழுகுகிறது, அதாவது எடுத்ததைத் திருப்பித் தரவில்லை என்று அர்த்தம். எப்போதும் வராது. பத்து முறை மூடினால் ஒரு முறை வரும். இரவு இரண்டு மணிக்குப் பிடித்தோம்: தேடிக்கொண்டிருக்கும்போதே பயனர் ரத்து செய்தால், தேடிய சொல்லின் நகல் விடுபடாமல் நின்றுவிடுகிறது. 40 பைட். நான் சலித்துப்போய், "நாப்பது பைட்டுக்கா மேடம் இவ்வளவு நேரம்?" என்றேன். அணித் தலைவி நாகர்கோவில்காரர். காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார். "யாரும் இந்த போனை ஆஃப் பண்ணப் போறதில்ல. அகராதியையும் மூட மாட்டாங்க, பின்னாடி ஓடிட்டே இருக்கும். நாளைக்குப் பத்து தடவை, மூணு மாசம், 36,000 பைட். யாரோ ஒருத்தருக்கு அவசரத்துல கால் வரும்போது அந்த 36,000 பைட் இல்லாம இருக்கக்கூடாது."

அந்தக் காகிதத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன். என் தொழிலில் நான் கற்ற நல்ல பழக்கம் எல்லாம் சிம்பியன் கொடுத்தது. அதனால் 'சிம்பியன் குப்பை' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். நோக்கியா 6600 மாதிரி ஒரு போன், அவ்வளவு சின்ன நினைவகத்தில், பாட்டு பாடி, படம் எடுத்து, மாதக்கணக்கில் அணையாமல் ஓடியதென்றால் அந்தச் சிக்கனம்தான் காரணம்.

நோயும் அதுவேதான். நினைவகம் விலை மலிந்த பிறகும் சிக்கனம் போகவில்லை. 2007-ல் வந்த முதல் ஐபோனில் 128 மெகாபைட் ராம். அதே வருடம் வந்த நோக்கியாவின் உச்ச போன் என்95-ல் 64. 2009-ல் ஐபோன் 256-க்குப் போனது. அந்த வருடம் எல்லாரும் வாயைப் பிளந்து காத்திருந்த என்97-ல் 128. உள்நினைவு நிறைந்து திணறும் போன் என்று உலகம் முழுக்க அதற்குப் பேர் கெட்டது. பல கோடி போன் விற்கிற கம்பெனிக்கு ஒரு போனில் ஒரு டாலர் மிச்சம் பிடித்தாலும் பெரிய தொகை. கணக்கு சரிதான். எங்கள் தலைவி போட்ட கணக்கு போன் வைத்திருப்பவருக்காக. இந்தக் கணக்கு யாருக்காகப் போட்டது?

9 ஜூன், இரவு 9.15

மேலே எழுதியதில் விட்டது ஒன்று. ரிஸ்டோ சிலஸ்மா, 2012-ல் நோக்கியாவின் இயக்குநர் குழுத் தலைவரானவர், சொல்லியிருக்கிறார்: சிம்பியனைக் கட்டி முடித்து, போட்ட மாற்றம் வேலை செய்கிறதா என்று தெரிய 48 மணி நேரம் ஆகும் என்று. திங்கட்கிழமை ஒரு வரி மாற்றினால் புதன்கிழமை தெரியும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

10 ஜூன், காலை 8.20

ஒரு வாசகர்: "நோக்கியாவுக்கு ஐபோன் வரும்னே தெரியலை, தூங்கிட்டாங்க."

தூங்கவில்லை. 2005-லேயே லினக்ஸில் ஓடும் தொடுதிரைக் கருவி விற்றார்கள், 770 என்று பெயர். அதே வழியில் 2009-ல் என்900 வந்தது. க்யூட் தெரியுமில்லையா, திரை இடைமுகங்கள் எழுத உதவும் மென்பொருள் கருவித்தொகுப்பு, இன்று எத்தனையோ கார்களின் திரையில் ஓடுவது. அதை எழுதிய நார்வேயின் டிரோல்டெக்கை 2008-ல் மொத்தமாக வாங்கினார்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டு போன் வரை எல்லாம் பார்த்த பிறகு 2010-ல்கூட அவர்கள் விற்ற ஸ்மார்ட்போன் சுமார் 10 கோடி. முந்திய வருடத்தைவிட அதிகம். கையில் பணம், ஆள், யோசனை எல்லாம் இருந்தது.

குறை என்னவென்றால் எதையும் முடிக்கவில்லை. சிம்பியனுக்கு ஆர்பிட் என்று புது இடைமுகம் எழுதினார்கள். லினக்ஸ் பக்கம் வேறொரு அணி வேறொரு இடைமுகம் எழுதியது. இரண்டும் க்யூட் மேல்தான், ஒன்றுக்கொன்று ஒத்துவராது. 2010 தொடக்கத்தில் 770, என்900-ல் ஓடிய லினக்ஸான மேமோவை, இன்டெலின் லினக்ஸான மோப்ளினோடு சேர்த்து மீகோ என்றார்கள். அதே வருடம் அக்டோபரில் ஆர்பிட் வேண்டாம், க்யூட்டின் பகுதியான க்யூட் குவிக் போதும் என்றார்கள். நல்ல முடிவு, முதல்முறையாக ஒரே வழி. நான்கே மாதம் கழித்து பிப்ரவரி 11.

விண்டோஸ் போனில் க்யூட் கிடையாது. அக்டோபரில் "இதுதான் வழி, நம்பி வாருங்கள்" என்று கூப்பிட்ட குரல் பிப்ரவரியில் வேறு திசையைக் காட்டியது.

10 ஜூன், இரவு 11.50

2006-ஐப் பற்றி எழுதாமல் இது நிறைவடையாது.

சிம்பியன் மேல் நோக்கியா கட்டிய தளம் எஸ்60. அந்த வருடம் அதன் மூன்றாம் பதிப்பு போன்கள் கடைக்கு வந்தன. உள்ளே கருவே புதிது. நிரலை போனுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் மாறியது, பாதுகாப்பு முறை மாறியது. இரண்டாம் பதிப்புக்கு எழுதிய மென்பொருள் எதுவும் அப்படியே ஓடாது. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிரலுக்கு உள்ளே இடமில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்புகளைத் தனக்கென்று ஒதுக்கிய அறையில்தான் வைக்கணும், மற்றவர் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இன்று எல்லா போனிலும் இருப்பது இந்த முறைதான். அதை அவ்வளவு முன்னாலேயே செய்தார்கள் என்பதை நான் பாராட்டித்தான் சொல்கிறேன்.

எங்கள் அகராதி சொல்பட்டியலை ஒரு நிலையான பாதையில் தேடும்படி எழுதி வைத்திருந்தோம், ஒன்றல்ல, நிரலில் 61 இடத்தில். தப்பு எங்களுடையது. மாற்றி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரானோம். தலைவி வங்கி மென்பொருளுக்குப் போய்விட்டார்.

11 ஜூன், காலை 6.45

திருத்தம். "எதுவும் அப்படியே ஓடாது" என்று நேற்று எழுதியது தவறு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஜாவாவில் எழுதியவை ஓடின. சி++-ல் எழுதியவைதான் ஓடவில்லை. இந்தத் திருத்தம் முக்கியம், ஏனென்றால் அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கையில் அதிகம் இருந்த ஒரு மென்பொருள் ஜாவாவில் எழுதியது: ஓப்ரா மினி என்ற இணைய உலாவி.

தமிழ் வலைப்பதிவு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்றைய பல எஸ்60 போன்களில் தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஓப்ரா மினியில் முகவரி அடிக்கும் இடத்தில் ஓப்ரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்து, கடைசி வரை இறங்கினால், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தலாமா என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'ஆம்' கொடுத்துச் சேமிக்கணும். பிறகு எங்கோ இருக்கும் சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். கொம்பு முன்னால், கால் பின்னால், எல்லாம் இடத்தில் இருக்கும். டேட்டா கூடுதலாகத் தின்னும். ரீசார்ஜ் காசு கரையக் கரைய ராத்திரி போர்வைக்குள் படித்துக்கொண்டிருப்போம்.

சிம்பியனுக்கு உள்ளே சரம் எல்லாமே 16 பிட் யூனிகோட். தமிழைச் சேமிக்கத் தெரியும், வரையத்தான் தெரியாது. அகராதி எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. நாங்கள் விற்றது ஐரோப்பிய மொழிகளுக்கு. தமிழ் அகராதி ஒன்று செய்யணும் என்று நானும் தலைவியும் பேசாத வாரமில்லை.

11 ஜூன், இரவு 10.05

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

எனக்கு ஊர் காஞ்சிபுரம் பக்கம். என் மாமா பெண் அந்த ஆலையில் நான்கு வருடம் வேலை பார்த்தாள். 2006-ல் தொடங்கிய ஆலை. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர், அதில் நிறையப் பேர் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள். கம்பெனி பேருந்து வந்து நிற்கும் இடத்தில் காலை ஷிப்டுக்கு விடியும் முன்னே கூட்டம் நிற்கும். அவள் இருந்தது போனில் மென்பொருள் ஏற்றும் இடத்தில். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, "நீ எழுதறதை நான்தான் போன்ல ஏத்தறேன், மாமா" என்றாள். நான் எழுதியது அதில் இல்லை, தனியாக நிறுவிக்கொள்வது என்று விளக்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததில் அந்த மென்பொருளேதான் நடுவில் நின்றது. 2013-ல் வருமான வரித்துறை நோக்கியாவிடம் கேட்ட ரூ. 2,080 கோடி எதற்காக என்றால், போனில் ஏற்றும் மென்பொருளுக்காக பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணம் ராயல்டி, அதில் வரி பிடித்திருக்கணும் என்பது வழக்கு. அந்த வருடம் செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வரி வழக்கில் முடங்கிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை கூடப் போகவில்லை. பழைய முதலாளியிடமே நின்று, புது முதலாளிக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும் 2014 நவம்பர் 1-ல் நின்றது.

பின்லாந்திலும் இதேதான். சாலோ என்ற ஊரே நோக்கியா ஆலையை நம்பி இருந்தது. 2012-ல் மூடினார்கள். ஏழை நாடு, பணக்கார நாடு என்று பார்க்கவில்லை.

12 ஜூன், காலை 9.30

அந்தக் கட்டிடங்கள் இப்போது என்ன ஆயின என்று கேட்டவருக்கு: 2019-ல் சால்காம்ப் வாங்கியது. போன் சார்ஜர் செய்யும் கம்பெனி, அதுவும் பின்லாந்தில் பிறந்ததுதான். மறுபடி பேருந்து ஓடுகிறது.

13 ஜூன், இரவு 12.20

இரண்டு நாளாக என் வாதத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். டெவலப்பர்களின் உழைப்பைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிந்ததால் வீழ்ந்தது என்ற மாதிரி எழுதிவிட்டேன். ஆப்பிளும் எறிந்திருக்கிறது. பழைய மேக் இயங்குதளத்திலிருந்து புதியது, பவர்பிசி சில்லிலிருந்து இன்டெல் சில்லு, பிறகு சொந்தச் சில்லு. யாரும் ஓடிவிடவில்லையே?

வித்தியாசம் இது என்று இப்போது தோன்றுகிறது. ஆப்பிள் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது புது வீடு பூசி முடித்திருக்கும். பழைய சாமான்களை வைக்க ஒரு திண்ணையும் இருக்கும், கொஞ்ச காலத்துக்கு. 2011 பிப்ரவரியில் விண்டோஸ் போன் என்று சொன்ன அன்று நோக்கியாவிடம் காட்ட ஒரு போன் இல்லை. அதன் முதல் விண்டோஸ் போனான லூமியா 800-ஐ அறிவிக்கவே அக்டோபர் கடைசி ஆனது. இடையில் எட்டு மாதத்துக்கு மேல் கடையில் இருந்ததெல்லாம் தலைமை அதிகாரியே எரிகிறது என்று சொன்ன தளத்தில் ஓடும் போன்கள். யார் வாங்குவார்? 2012 ஜூனில் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தபோது, அதுவரை விற்ற லூமியா எதற்கும் அது கிடைக்காது என்றார்கள். அந்த வருடத் தொடக்கத்தில்தான், 14 வருடம் வைத்திருந்த முதலிடம் சாம்சங்கிடம் போயிருந்தது.

ஆகவே ஈலோப் மேல் எனக்குள்ள குறை, அவர் யாருடைய ஆள் என்பதல்ல. தீ என்று கத்திவிட்டுப் படகைத் தேடப் போனார்.

13 ஜூன், காலை 8.00

என்9 பற்றி எழுதாமல் தூங்கிவிட்டேன். 2011 ஜூனில் சிங்கப்பூரில் காட்டினார்கள். மீகோ. முகப்பில் ஒரு பொத்தான்கூட இல்லை, ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் மென்பொருள் விலகிப் போகும். நண்பர் ஒருவர் வாங்கி வந்ததை அரைமணி நேரம் கையில் வைத்திருந்தேன், திருப்பிக் கொடுக்க மனமில்லை. ஆறு வருடம் கழித்து ஐபோன் எக்ஸ் பொத்தானை எடுத்தபோது எனக்கு அந்த அரைமணி நேரம்தான் ஞாபகம் வந்தது. என்9 வெளிவரும்போதே அதற்கு வாரிசு கிடையாது என்று முடிவாகியிருந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் முறையாக விற்கக்கூட இல்லை.

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு: நோக்கியா ஆண்ட்ராய்டு போனும் செய்தது. 2014 பிப்ரவரியில் நோக்கியா எக்ஸ். கூகுள் கடை இல்லாமல், மைக்ரோசாஃப்ட் சேவைகளோடு. அதே வருடம் ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தியது.

16 ஜூன், மாலை 5.40

சென்னை ரிச்சி தெருவுக்கு வேறு வேலையாகப் போனேன். பழைய நோக்கியா போன்களில் இருந்த பிஎல்-5சி பேட்டரி இன்னும் விற்கிறார்கள். எஃப்எம் ரேடியோ, சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அதுதான் போடுகிறார்களாம். ஒன்று வாங்கிவந்து, அலமாரியில் கிடந்த 6600-ல் போட்டேன். வெள்ளைத் திரை, பிறகு இரண்டு கைகள் சேர்ந்தன. தேதி கேட்டது, கொடுத்தேன். மெனுவில் கீழே இறங்கினால் எங்கள் அகராதி இருக்கிறது, இரண்டாம் பதிப்புக்கு எழுதியது. திறந்து ஒரு சொல்லைத் தேடி, பாதியில் ரத்து செய்தேன். மறுபடி தேடினேன், மறுபடி ரத்து. இருபது தடவை. பிறகு அதை மூடாமல், பின்னணியில் ஓடவிட்டு, மேசைமேல் வைத்திருக்கிறேன்.

தலைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "ஒழுகலையே?" என்று பதில் வந்திருக்கிறது.